தம்பி மக காதுகுத்து போட்டோவ மூணு தடவ எடிட் பண்ணேன், நீங்க ஒரு தடவையோட முடிச்சுக்கங்க

எங்க தம்பி மகளுக்கு போன தை மாசம் குலதெய்வம் கோயில்ல வெச்சு மொட்டை எடுத்து காது குத்துனாங்க, சிவகங்கை பக்கம். போட்டோவுக்குத் தனியா ஆள் வேணாம், அக்காகிட்டதான் நல்ல கேமரா இருக்கே அவளே எடுக்கட்டும்னு தம்பி சொல்லிட்டான். எனக்கு அப்ப அவ்வளவு சந்தோஷம். ஆனா அந்த ஆல்பம் உருப்படியா கைக்கு வந்து சேந்தது தீபாவளிக்கு. நடுவுல ஒன்பது மாசம், தண்டமா போன காசு மட்டும் ஏறக்குறைய 19,000 ரூபா, தூக்கம் கெட்ட ராத்திரிக்கு கணக்கே இல்ல. எங்க குடும்பத்துல இதெல்லாம் பண்றது நான் ஒருத்திதான், ஒரு சந்தேகம்னா கேக்க ஆள் கிடையாது. யாராவது முன்னாடியே நாலு வார்த்த சொல்லியிருந்தா பாதிக்கு மேல தப்பிச்சிருப்பேன், அதுனாலதான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

கேமரா வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. சீட்டு எடுத்த காசுல வாங்குனது, 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், அதோட வந்த 18-55 லென்ஸ், அப்புறமா சேத்து வெச்சு ஒரு 50 எம்எம். எம் மக பொறந்தநாள், மாடித்தோட்டம், மீனாட்சியம்மன் கோயில் வீதின்னு எடுத்துப் பழகியிருந்தேன். எடிட்டிங்னா போன்ல ஸ்னாப்சீட்ல கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கி ஸ்டேட்டஸ் போடுறது, அவ்வளவுதான் தெரியும். காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்னாடி, ரா ஃபைல்ல, அதாவது கேமரா பதிஞ்சத அப்படியே முழுசா வெச்சிருக்க ஃபைல்ல, எடுத்தாதான் பின்னாடி எடிட் பண்ண வசதின்னு எங்கயோ கேட்டு கேமராவுல ராவும், வழக்கமா வர்ற சுருக்குன ஜேபெக் ஃபைலும் சேத்து பதிவாகுற மாதிரி மாத்தி வெச்சுட்டேன். அதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு மட்டும் யோசிக்கல. ஒரு ரா ஃபைல் 25, 30 எம்பி வரும், கூட ஒரு ஜேபெக் 8 எம்பி. எங்கிட்ட இருந்தது கேமராவோட இலவசமா வந்த 16 ஜிபி கார்டு ஒண்ணுதான்.

கோயில்ல மொட்டை எடுத்து முடிச்சு, புள்ளைய குளிப்பாட்டி, தலையில சந்தனம் தடவிக் கூட்டிட்டு வரும்போது பாக்குறேன், 310 போட்டோ ஆயிருக்கு, இன்னும் நூத்திச்சொச்சம்தான் எடுக்கலாம்னு காட்டுது. காது குத்து இனிமேத்தான். பதறிப்போயி ராவ நிறுத்திட்டு வெறும் ஜேபெக்குக்கு மாத்திட்டேன். அந்த நாள்லயே ரொம்ப முக்கியமான விஷயம், தாய்மாமன் மடியில உக்கார வெச்சு ஆசாரி ஊசிய காதுகிட்ட கொண்டு போற அந்த நேரம், புள்ள வாயத் தெறந்து அழுறது, மொத்தமும் ஜேபெக். 32, 64 ஜிபி கார்டெல்லாம் நாலு பேருக்கு பிரியாணி வாங்குற காசுதான், ரெண்டு வாங்கி வெச்சுக்கங்க, இதுல மிச்சம் புடிக்காதீங்க. ரா எதுக்குன்னா, அது அரைச்சு வெச்ச மாவு மாதிரி, உப்பு கம்மின்னா போட்டுக்கலாம், தண்ணி விட்டுக்கலாம். ஜேபெக் சுட்ட தோசை. ஜேபெக்ல ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான் உண்டு, 14 பிட் ராவுல 16,384 படி. இருட்டா போன முகத்த தூக்கும்போதும் தப்பா விழுந்த நிறத்த சரி பண்ணும்போதும்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், சாதாரணமா பாத்தா தெரியாது.

நிறம் தப்பா விழுறதுன்னு சொன்னேன்ல, அது சாமியானாவால வந்தது. நம்ம ஊர் விசேஷத்துக்குக் கேமரா தூக்குறவங்க எல்லாரும் இத மனசுல வெச்சுக்கணும். கோயிலுக்கு முன்னாடி செவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையா போட்ட சாமியானா கட்டியிருந்தாங்க, உச்சி வெயில். அந்தத் துணி வழியா வெளிச்சம் இறங்கும்போது கீழ உக்காந்திருக்கவங்க நெத்தி, மூக்கு, கன்னமெல்லாம் ரோஸ் கலந்த செவப்பா ஆயிருது, அதே ஆளோட இன்னொரு கன்னத்துல வெளிய இருந்து வர்ற வானத்து வெளிச்சம் விழுந்து லேசா நீலம் பாஞ்சிருக்கு. நேர்ல பாக்கும்போது இது தெரியவே தெரியாது, நம்ம மூளை சரி பண்ணிக்கும், கேமரா பண்ணாது. எடிட் பண்ணும்போது நிறத்த சரிக்கட்டுற ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர் படம் முழுக்கத்தான் மாத்தும், செவப்பக் குறைச்சா நீலக் கன்னம் இன்னும் நீலமாகும். இது மட்டும் அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா பத்தடி தள்ளி இருந்த வேப்பமரத்து நிழல்ல மடி போட்டு உக்காரச் சொல்லியிருப்பேன், யாரும் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

வீட்டுக்கு வந்து கார்ட லேப்டாப்புல போட்டா மொத்தம் 860 போட்டோ. போட்டோ எடிட் பண்ண லைட்ரூம்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குன்னு தெரியும், மாசாமாசம் காசு கட்டணும்னும் தெரியும். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் காசே வேணாம் சித்தி, நான் கிராக் பண்ணது, அதாவது காசு கட்டாம ஓட்டுற திருட்டு காப்பி, போட்டுத் தர்றேன்னு பென்டிரைவ்ல கொண்டாந்து ஏத்திக் குடுத்தான். ஏத்தும்போதே ஆன்டிவைரஸ நிறுத்தி வெக்கச் சொன்னான், அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும். ஆனா வேல செஞ்சுச்சு. புள்ளைங்க தூங்கினப்புறம் பத்து மணிக்கு உக்காந்தா பன்னெண்டு, பன்னெண்டரை வரைக்கும், ரெண்டு மாசம் தினமும் பண்ணேன். அதுலயும் ஒரு தப்பு, 860-ஐயும் முதல்ல இருந்து வரிசையா எடிட் பண்ணிட்டு வந்தேன். கண்ணு மூடுனது, பாதி தல வெட்டுப்பட்டதுன்னு எதையும் கழிக்கல. ஒரு போட்டோவுக்கு ஆறேழு நிமிஷம்னு வெச்சாக்கூட கணக்குப் போட்டுப் பாருங்க. ஆல்பத்துக்கு வேண்டியது 110, 120 போட்டோதான். முதல் ரெண்டு நாள் எந்த ஸ்லைடரையும் தொடாம வெறும் கழிச்சுக்கட்டுற வேலைய மட்டும் பாருங்க. ஒரே மாதிரி ஏழு போட்டோ இருந்தா ஒண்ண வெச்சுக்கங்க.

சித்திரை பொறக்க பத்து நாள் இருக்கும்போது லேப்டாப் இழுக்க ஆரம்பிச்சுச்சு. பிரவுசரத் தொறந்தா வேற எங்கயோ போகுது, ஃபேன் சத்தம் நிக்கவே மாட்டேங்குது, ஒரு நாள் எம் மெயில்லயிருந்து ஆபீஸ்காரங்களுக்கெல்லாம் என்னென்னவோ லிங்க் போயிருக்கு. சர்வீஸ்ல குடுத்தேன், பாத்துட்டு கிராக்கோட சேந்து வந்த வைரஸ்தான்க்கா, முழுசா ஃபார்மேட் பண்ணணும், உள்ள ஏதாவது முக்கியமானது இருக்கான்னு கேட்டாங்க. நான் தைரியமா சொன்னேன், போட்டோ எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, நீங்க பண்ணிக்கங்கன்னு. 2,200 ரூபா குடுத்து லேப்டாப்ப வாங்கிட்டு வந்து, திரும்ப எல்லாம் போட்டு ஹார்ட் டிஸ்க்க மாட்டுனா 860 போட்டோவும் இருக்கு, ஒண்ணுலகூட நான் பண்ண எடிட் இல்ல. எடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ரெண்டு மாச வேல. அன்னைக்கு ராத்திரி அடுப்படியில நின்னு அழுதேன், எங்க வீட்டுக்காரருக்கு என்ன நடந்துச்சுன்னு புரிய வெக்கக்கூட முடியல, அதான் போட்டோ இருக்கேன்னு அவர் சொல்றாரு.

என்ன ஆச்சுன்னா, லைட்ரூம் நம்ம போட்டோ ஃபைலத் தொடவே தொடாது. நாம வெளிச்சத்த ஏத்துனோம், கொஞ்சம் வெட்டுனோம்னு அந்தக் குறிப்ப மட்டும் கேட்டலாக்னு ஒரு தனி ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். அந்த கேட்டலாக் சாதாரணமா லேப்டாப்போட சி டிரைவ்ல பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கும். போட்டோவ எங்க வெச்சிருந்தாலும் சரி, கேட்டலாக் அங்கதான். ஃபார்மேட் பண்ணப்ப அது போயிருச்சு. எஸ்எஸ்டி வேற, அதுல ஃபார்மேட் பண்ணப்புறம் திருப்பி எடுக்குறதெல்லாம் நடக்குற காரியம் இல்ல. அதனால லைட்ரூம் கிளாசிக் வெச்சிருக்கவங்க இன்னைக்கே ரெண்டு வேல பண்ணிருங்க. கேட்டலாக் செட்டிங்ஸ்ல மெட்டாடேட்டாங்கிற இடத்துல, மாத்துறத எல்லாம் எக்ஸ்எம்பி-ல தானா எழுதுன்னு ஒரு டிக் இருக்கும், அதப் போட்டு வெச்சா ஒவ்வொரு ரா ஃபைல் பக்கத்துலயும் குட்டியா ஒரு ஃபைல் வந்து உக்காந்துக்கும், எடிட் குறிப்பு அதுலயும் இருக்கும். ரெண்டாவது, லைட்ரூம மூடும்போது பேக்கப் எடுக்கவான்னு கேக்கும்ல, நான் எப்பவும் வேணாம்னு அமுக்கிட்டுப் போயிருவேன், அத எடுத்து வேற டிஸ்க்ல வைங்க. கிராக்க பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல. காசு கட்ட மனசில்லன்னா டார்க்டேபிள், ராதெரபின்னு முழுக்க இலவசமான, நேர்மையான சாஃப்ட்வேர் இருக்கு. கேனான் வெச்சிருந்தா டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபஷனல், நிக்கான்னா என்எக்ஸ் ஸ்டுடியோ, அந்தந்தக் கம்பெனியே சும்மா குடுக்குது. ரா ஃபைலத் தொறந்து வெளிச்சம் நிறம் சரி பண்ண அதெல்லாமே தாராளம், இது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

ரெண்டாவது தடவ முறையா சந்தா கட்டி ஆரம்பிச்சேன். இந்த தடவ நேரம் மிச்சமாகட்டும்னு 499 ரூபாய்க்கு ஒரு ப்ரீசெட் பேக், அதாவது ஒரே அமுக்குல போட்டுக்குற ரெடிமேட் எடிட், வாங்குனேன், கூடவே 2,999 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ். கோர்ஸ்ல வானத்த மாத்துறது, கண்ண பளபளன்னு ஆக்குறதுன்னு 11 மணி நேரம் ஓடுச்சு, குடும்பத்துப் போட்டோ எடுக்குறவளுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ப்ரீசெட்டப் போட்டா எங்காளுங்க எல்லாரும் செங்கல் நிறத்துக்கு வர்றாங்க, ஏன்னா அது வேற தோலு, வேற வெளிச்சத்துக்குப் பண்ணது. அப்பத்தான் நான் அந்த ஆரஞ்சு ஸ்லைடரக் கண்டுபிடிச்சேன். கலர் மிக்சர்ல ஆரஞ்சோட லூமினன்ஸ, அதாவது அந்த நிறத்தோட வெளிச்சத்த, ஏத்துனா முகமெல்லாம் வெளுத்துக்கிட்டே வரும். எடிட்டிங்னா இதுதான்போல, ஸ்டுடியோக்காரங்க பண்றதும் இதுதானேன்னு நெனச்சேன். நம்ம ஊர்ல ஒருத்தர நல்லா கலரா இருக்காங்கன்னு சொன்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியும், நான் அதுலயேதான் வளந்தேன்.

அந்த ஸ்லைடர ஏத்துனதும் வேற ஒரு பிரச்சன வந்துச்சு. நம்ம விசேஷப் போட்டோவுல தோலு மட்டும் ஆரஞ்சு மஞ்சள்ல இல்ல. தங்கம், மஞ்சக் கயிறு, புள்ள தலையில தடவுன சந்தனம், மாலையில இருக்க செவ்வந்தி, வெண்கலக் குத்துவிளக்கு எல்லாமே அந்த ரெண்டு நிறத்துக்குள்ளதான் வருது. முகத்த வெளுக்க வெச்சா அம்மாவோட அட்டிகை அலுமினியம் மாதிரி ஆயிருச்சு, சந்தனம் சுண்ணாம்பு மாதிரி. சரின்னு, படத்துல ஆள மட்டும் தேர்ந்தெடுத்து மாத்துற ஆள் மாஸ்க்குக்குப் போனேன், அதுல முகத்தோலு தனியா, உடம்புத் தோலு தனியா தேர்ந்தெடுக்கலாம். நான் முகத்த மட்டும் எடுத்து, எல்லாரையும் ஒரே அளவுக்குத் தூக்கி விட்டுட்டேன்.

இன்னொன்னு எனக்குத் தெரியாமலே நடந்துக்கிட்டு இருந்துச்சு. நான் வேல பாக்குறது ராத்திரி. லேப்டாப்புல நைட் லைட்டுன்னு ஒண்ணு, பொழுது சாஞ்சதும் திரைய தானா மஞ்சளாக்குறது, அது எப்பவோ போட்டு வெச்சது மறந்தே போச்சு. கண்ணு அதுக்குப் பழகிருது, மஞ்சளா இருக்குன்னு தோணவே தோணாது. போட்டோதான் மஞ்சளா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு படத்த மஞ்சளாவோ நீலமாவோ ஆக்குற டெம்பரேச்சர் ஸ்லைடர நீலத்துப் பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தேன். திரை வெளிச்சமும் முழுசா நூறுல இருக்கும், அறையில லைட் இருக்காது, அதனால இருட்டா இருக்க போட்டோகூட பளிச்சுன்னுதான் தெரிஞ்சுச்சு. மூடிய கொஞ்சம் பின்னாடி சாய்ச்சா இன்னும் வெளுப்பா தெரியுற லேப்டாப் அது. இப்படி மூணு பொய்ய ஒண்ணா நம்பி ஆடி மாசம் வரைக்கும் எடிட் பண்ணி, 20 ஷீட் ஆல்பம், 13,500 ரூபாய்க்கு ஆர்டர் குடுத்துட்டேன். ஒரு போட்டோகூட முன்னாடி பிரிண்ட் போட்டுப் பாக்கல.

ஆல்பம் வந்த அன்னைக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. மொத்தமா ஒரு மாதிரி இருட்டா, பிணத்துக்கு வர்ற நீலம் மாதிரி ஒரு நீலம் பாஞ்சு இருந்துச்சு. செவப்புப் பட்டுச்சேலைங்கள்ல இழையும் இல்ல பூவும் இல்ல, பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒரே செவப்பு, அது எடுக்கும்போதே செவப்பு நிறம் அளவு மீறிப் போனது. கேமராவுல வெளிச்சத்தோட அளவக் காட்டுற சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடத்தப் பாக்காம மூணு நிறத்தையும் தனித்தனியா காட்டுற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அப்பவும் எங்க சின்னம்மா, பரவால்லடி எல்லாரையும் கலரா ஆக்கிட்டன்னு சொன்னாங்க. எம் மகளுக்கு ஒன்பது வயசு. எங்க மாமியார் வீட்டு நிறம் அவளுக்கு, நல்ல கருப்பு. அவ பக்கத்த ஒவ்வொண்ணா திருப்பித் தன்னைத் தேடுறா, என்னைக் காணோமேம்மான்னு கேக்குறா. நான் காட்டுனேன், அம்மாச்சி பக்கத்துல பச்சப் பாவாடை போட்டு நிக்குறது நீதானேன்னு. கிட்டக்கப் போயி பாத்தா. நானும் பாத்தேன். முகம் மட்டும் வெள்ளையா, ரெண்டு காதும் கழுத்தும் அவளோட சொந்த நிறத்துல இருக்கு, தாடைக்குக் கீழ கோடு கிழிச்ச மாதிரி. அவ காதத் தொட்டுப் பாத்துக்கிட்டா. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் எங்கிட்ட வந்து, அம்மா என் ஸ்கூல் ஐடி கார்டு போட்டோவையும் இதே மாதிரி மாத்திக் குடுக்குறியான்னு கேட்டா.

கோச்சுக்கிட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அவ ஆசையா கேட்டா. அதுவரைக்கும் அவ நிறத்தப் பத்தி எங்க வீட்ல யாரும் ஒரு வார்த்த பேசுனதில்ல, பேச விட்டதும் இல்ல. கடைசில அத நானே அச்சுப் போட்டு அவ கையில குடுத்திருக்கேன். அந்த ஆல்பத்த அன்னைக்கே எடுத்து பீரோ மேல வெச்சேன், நேத்து வரைக்கும் யாரும் தொடல. ஒரு வாரம் கேமராவையும் தொடல, அப்புறம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன், மூணாவது தடவ.

இந்த தடவ நான் முதல்ல போனது ஒரு பிரிண்டிங் லேப்புக்கு. ஃபிலிம் காலத்துல இருந்து வேல பாக்குற ஒரு அண்ணன் அங்க இருந்தாரு. கதைய முழுசா கேட்டுட்டு, ஆறு போட்டோவ மட்டும் எடுத்துட்டு வாம்மா, 4க்கு 6 சைஸ்ல போட்டுத் தர்றேன், வீட்டுக்குப் போயி பகல்ல ஜன்னல் பக்கத்துல வெச்சு உன் திரையோட பாருன்னாரு. ஒரு பிரிண்ட் 15 ரூபா, மொத்தம் 90 ரூபா. நைட் லைட்ட நிறுத்திட்டு, பிரிண்ட திரைக்குப் பக்கத்துல புடிச்சுக்கிட்டு, ரெண்டும் ஒரே மாதிரி தெரியுற வரைக்கும் வெளிச்சத்தக் குறைச்சுக்கிட்டே வந்தேன், பாதிக்கும் கீழ வந்து நின்னுச்சு. அந்த இடத்துல பேனாவால ஒரு குறிப்பு எழுதி லேப்டாப்புல ஒட்டி வெச்சிருக்கேன், இப்பவும் அதே அளவுதான். திரையோட நிறத்த அளந்து சரி பண்ற காலிபரேட் கருவியெல்லாம் இருக்கு, வசதி இருக்கவங்க வாங்கிக்கங்க, வீட்டுப் போட்டோவுக்கு இந்த 90 ரூபா முறையே நெறைய தூரம் கொண்டு போகும்.

நிறத்துக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம் எந்த கோர்ஸ்லயும் வரல. ஒயிட் பேலன்ஸ் எடுக்குற டிராப்பர, அதாவது படத்துல ஒரு இடத்த தொட்டுக் காட்டுற கருவிய, வெள்ளைப் பொருள் மேல வெக்கணும்னு கேட்டு நான் தாய்மாமன் வேட்டி மேல வெச்சுக்கிட்டு இருந்தேன், வெச்சதும் படமே மஞ்சளாகும், காரணம் புரியாது. நம்ம வேட்டியெல்லாம் நீலம் போட்டுத் துவைக்குறது, அது வெள்ளை இல்லம்மா, நீலம் கலந்த வெள்ளை, அத வெள்ளைன்னு நம்பவெச்சா மஞ்சளத்தான் ஊத்தும்னாரு. வெயில்ல வெளுத்துப் போன வெள்ளையும் ஆகாது, அதுல நிறமே மிச்சம் இருக்காது. ஒரு கிரே கார்டு, சாம்பல் நிற அட்டை, வாங்கிக்கோ, ஒவ்வொரு இடம் மாறும்போதும் அத யாரையாவது புடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துரு, வீட்டுக்கு வந்து அது மேல டிராப்பர வெச்சுட்டு அந்த இடத்துப் போட்டோ பூராவுக்கும் அதையே போட்டுரு. இவ்வளவுதான். காதுகுத்துல கார்டு இல்ல, அதனால கண்ணால பாத்துத்தான் பண்ண வேண்டியிருந்துச்சு, ஆளுங்கள நேர்ல கூட்டி பகல் வெளிச்சத்துல உக்கார வெச்சு ஒரு தடவ பாத்துட்டு வந்து பண்ணேன். அம்மா, தம்பி, எம் மக, மூணு பேரையும்.

அப்படி உக்கார வெச்சுப் பாத்தப்பதான் ஒண்ணு புரிஞ்சுச்சு. எம் மக முகம் போட்டோவுல சரியா வராதது அவ கருப்பா இருக்கதால இல்ல, முகத்துல வெளிச்சம் விழாததால. வெளிச்சம் குடுக்குறது வேற, வெளுக்க வெக்கிறது வேற. கருப்புத் தோல்ல அழகா தெரியுறது கன்னத்து மேலயும் நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் விழுற அந்த மினுமினுப்பு, வெளிச்சத்த மொத்தமா ஏத்துனா அதுதான் முதல்ல சாகும், சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும். அதனால இப்ப முகம் இருட்டா இருந்தா ஆரஞ்சு ஸ்லைடர் பக்கம் போறதே இல்ல. நிழல் பகுதிய மட்டும் கொஞ்சம் தூக்குறேன், மாஸ்க் போட்டா முகம், காது, கழுத்து, கை எல்லாத்தையும் சேத்துத்தான் போடுறேன், ஒருத்தருக்குப் பண்ணத அடுத்தவங்களுக்கு அப்படியே ஒட்டுறதில்ல. பண்ணி முடிச்சு ஒரு நிமிஷம் எந்திரிச்சுப் போயி தண்ணி குடிச்சுட்டு வந்து பாக்குறேன், அப்பவும் அவங்க அவங்களா இருந்தா மேல போறது. எடுக்கும்போதே முகத்த திறந்த வெளிச்சம் வர்ற பக்கமா திருப்பி நிக்க வெச்சா இதுல பாதி வேல மிச்சம்.

சாமியானா செவப்புக்கு ரா ஃபைல்ல பிரஷ் மாஸ்க் போட்டு, செவப்பு விழுந்த பக்கம் மட்டும் நிறத்தையும் அடர்த்தியையும் குறைச்சேன், ஒரு போட்டோவுக்கு 15 நிமிஷம் ஆச்சு, ஆனா வந்துச்சு. காது குத்துற நேரத்து ஜேபெக்ல அது வரல. இழுக்க இழுக்க கன்னத்துல திட்டுத் திட்டா, வாழைப்பழத் தோல்ல விழுற மாதிரி வருது. மூணு நாள் போராடிட்டு கடைசில அந்த 14 போட்டோவையும் கருப்பு வெள்ளையா மாத்திட்டேன். நிறம் எடுத்துட்டா கலந்து விழுந்த வெளிச்சம் ஒரு பிரச்சனையே இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தாய்மாமன் கை புள்ள தலைய அழுத்திப் புடிச்சிருக்கு, அவர் கண்ண இறுக்க மூடியிருக்காரு, புள்ள வாய்க்குள்ள ரெண்டு கீழ்ப்பல்லு தெரியுது. ஆல்பத்துல எல்லாரும் நின்னு பாக்குற பக்கம் இப்ப அதுதான். ஆனாலும் அந்தச் சந்தனத்தோட நிறம் அந்தப் பக்கத்துல இல்லங்கிறது எனக்கு ஒரு குறைதான், அத நான் மறக்க மாட்டேன்.

லேப்புக்கு ஃபைல் குடுக்குறதப் பத்தியும் சொல்லிடுறேன். எடிட் பண்ணத ஃபைலா வெளிய எடுக்கும்போது கலர் ஸ்பேஸ், அதாவது ஃபைல்ல நிறத்த எழுதுற முறை, எஸ்ஆர்ஜிபி-ல இருக்கட்டும், அடோப் ஆர்ஜிபி உசத்தின்னு கேட்டு முதல் ஆல்பத்துக்கு அதுல குடுத்தேன், அது லேப்ல எஸ்ஆர்ஜிபி-ன்னு எடுத்துக்கிட்டா நிறம் சோர்ந்து போயிரும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, சுருக்கிரும், டாகுமெண்டா அனுப்புங்க, இல்லாட்டி பென்டிரைவ்ல கொண்டு போங்க. 12க்கு 18 இஞ்ச் நல்லா வரணும்னா 3600க்கு 5400 பிக்சல் வேணும், 24 மெகாபிக்சல் படம் 4000க்கு 6000, அதனால ஓரத்த ரொம்ப வெட்டுனீங்கன்னா அந்த சைஸுக்குப் பத்தாது. 8க்கு 10 பிரேம் போடணும்னா படத்தோட நீளத்துல ரெண்டு பக்கமும் வெட்டுப்படும், தலைக்கு மேல இடம் விட்டு எடுங்க. எங்க அம்மா கொண்டை அப்படித்தான் பாதி போச்சு.

புது ஆல்பம் 11,000 ஆச்சு, நாலு ஷீட்டக் குறைச்சுக்கிட்டேன். தீபாவளி அன்னைக்கு மக அத எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, அவளத் தேடவே இல்ல, தானா வெரல வெச்சு இது நான், இது அம்மாச்சி, இது பாப்பான்னு தம்பி மகளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. ஐடி கார்டு போட்டோவப் பத்தி அவ மறுபடி கேக்கல, நானும் கேக்கல, அது அவ மனசுல எந்த மூலையில இருக்குன்னு எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல எடுக்கும்போது ஃபிளாஷ் அடிச்சுதான் எடுப்பாங்க, அதுக்குப் பதிலா வாசல்ல வெச்சு காலையில நான் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன், எதுவும் மாத்தல, வெளிச்சம் மட்டும்.

வர்ற மாசம் சின்னம்மா மகளுக்கு வளைகாப்பு, மொட்டமாடியில. என்னையவே எடுக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு 64 ஜிபி கார்டு இருக்கு, கிரே கார்டு இருக்கு, போட்டோவுக்கு ஒரு டிஸ்க் கேட்டலாக்குக்கு ஒரு டிஸ்க் தனியா வெச்சாச்சு. நேத்து சாமியானாக்காரர்கிட்ட போன் போட்டு வெள்ளத் துணி இருக்கான்னு கேட்டேன். இருக்குக்கா, ஆனா 600 ரூபா கூட ஆகும்னாரு. சின்னம்மாகிட்ட சொன்னேன், வெள்ளையா, விசேஷத்துக்கா, செவப்பு மஞ்சள்னா மங்களமா இருக்குமேன்னு கொஞ்ச நேரம் இழுத்தாங்க. பீரோ மேல இருந்த பழைய ஆல்பத்த எடுத்து அதுக்கப்புறம் முதத் தடவையா தொறந்து காட்டுனேன். ரெண்டு பக்கம் திருப்பிட்டு, சரி, வெள்ளையே கட்டச் சொல்லுன்னுட்டாங்க.